நாற்பத்தொன்றாம் மூளை

மே 12, திங்கள்

விடிந்ததிலிருந்து மெல்பர்னில் தூறல். வெலிங்டன் ரோட்டில் ஏதோ விபத்து. ரோவில் வீட்டிலிருந்து லேபுக்கு ஒன்றேகால் மணி நேரம். குடையை வீட்டிலேயே விட்டாயிற்று.

ஒன்பதரைக்கு நாற்பத்தொன்று வந்தது. நீலப் பெட்டி, அதற்குள் ஐஸ், அதற்குள் வாளி. எங்களிடம் வந்த மூளைகளில் நாற்பத்தொன்றாவது. பெயர் எனக்குத் தெரியாது, தெரியவும் கூடாது. தாளில் இருந்தது இவ்வளவுதான்: ஆண். வயது 63. ஃபுட்டி என்கிற இந்த ஊர்க் கால்பந்தில் தொழில்முறை ஆட்டக்காரர், பதினோரு சீசன். அதற்கு முன்பு பள்ளிக்கூட நாளிலிருந்தே. இறந்தது நிமோனியாவில். மூளையைக் கொடுக்கச் சொல்லி, நினைவு தெளிவாக இருந்த காலத்தில் தானே கையெழுத்துப் போட்டிருக்கிறார்.

என் வேலை: எடை, படம், ஃபார்மலின். மருத்துவமனை லேபில் பதினோரு வருடம் குடலும் தோலும் மார்பகமும் சீவியிருக்கிறேன். எல்லாம் துண்டு துண்டாக வரும். இங்கே வந்து மூன்று வருடம் ஆகிறது. முழுதாக ஒன்றைக் கையில் எடுப்பது இன்னும் பழகவில்லை.

இறுகாத மூளை கெட்டித் தயிர் மாதிரி. விரலை அழுத்தினால் தடம் விழும். இரண்டு கையையும் சேர்த்து, கோயிலில் பிரசாதம் வாங்குகிற மாதிரிதான் எடுக்க வேண்டியிருக்கிறது. இந்த அளவு பொருளுக்குள் ஒரு ஆள் முழுக்க இருந்தார் என்பதை மூன்று வருடமாக நம்ப முயற்சி செய்கிறேன்.

டாக்டர் இங்கிரிட் பக்கத்தில் வந்து நின்றார். மூளையைப் பார்த்து நோயைச் சொல்கிறவர் அவர்தான். அறுபதை நெருங்குகிறார், முழங்கால் வலி, ஆப்பிளை விதையோடு தின்பவர். எது வந்தாலும் முதல் ஒரு நிமிடம் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு சும்மா பார்ப்பார். இன்றும் பார்த்தார்.

“சிறியது. வயதுக்கு மிகச் சிறியது” என்றார். அவ்வளவுதான்.

வரும் வழியில் பால், பச்சை மிளகாய். கறிவேப்பிலை கிடைக்கவில்லை.

மே 13, செவ்வாய்

மழை விட்டது. குளிர்.

இரவு சாப்பிடும்போது கணவன் பிரபு போனை நீட்டினான்.

“இவரு போயிட்டாரு பாரு. நான் வந்த புதுசுல ஆபீஸ்ல எல்லாரும் இவரப் பத்தித்தான் பேசுவாங்க. அவரு ரிட்டயர் ஆகிப் பத்து வருஷத்துக்கு மேல ஆயிருந்துச்சு, அப்பவும். மூளைய ஆராய்ச்சிக்குக் குடுத்துட்டாங்களாம். உங்க லேபா?”

“ரசம் ஊத்தவா?”

“சொல்ல மாட்டே.”

“சொல்லக் கூடாது.”

“அப்ப உங்க லேப்தான்.”

“பிரபு.”

“சரி சரி, ஊத்து.”

போனை நான் பார்க்கவில்லை. முகம் தெரிந்துவிட்டால் கை வேறு மாதிரி நடந்துகொள்ளும். அது வேலைக்கு ஆகாது.

ஜூன் 5, வியாழன்

காரின் கண்ணாடியில் பனிப் படலம். ஏ.டி.எம். கார்டால் சுரண்டினேன். மூளை வெட்டும் நாள்.

மூன்று வாரத்துக்கு மேல் ஃபார்மலினில் இருந்து நாற்பத்தொன்று இறுகிவிட்டது. இப்போது ரப்பர் மாதிரி, நிறம் மங்கிய சந்தனம். இங்கிரிட் நீளக் கத்தியை ஒரே இழுப்பில் இழுப்பார், முன்னும் பின்னும் அறுக்க மாட்டார். ஒரு சென்டிமீட்டர் கனத்தில் வில்லை வில்லையாக. நான் வரிசையாக அடுக்குகிறேன், எண் போடுகிறேன், படம் எடுக்கிறேன். அவர் பார்ப்பதை மைக்கில் சொல்லிக்கொண்டே போகிறார்.

எனக்குப் புரிந்தவை:
— நெற்றிப் பக்கத்து மடிப்புகள் மெலிந்து, நடுவில் பள்ளங்கள் அகன்று போயிருக்கின்றன.
— உள்ளே இருக்கும் நீரறைகள் பெருத்திருக்கின்றன. மூளை சுருங்கச் சுருங்க அவை பெருக்கும்.
— அந்த அறைகளுக்கு நடுவே பாலாடை போல ஒரு சவ்வு. கிழிந்திருக்கிறது.
— மூளைத்தண்டில் கறுப்பாக இருக்க வேண்டிய கோடு வெளிறிப்போயிருக்கிறது.

சவ்வு வந்தபோது இங்கிரிட் கத்தியை வைத்துவிட்டார். மைக்கை அணைத்தார்.

“இது ஒரு அடியில் கிழியாது” என்றார் பிறகு. “ஆயிரக்கணக்கில் குலுங்கியிருக்க வேண்டும். மயக்கம் போட்ட அடிகள் மட்டுமல்ல. யாரும் கவனிக்காத, அவரே கவனிக்காத சின்ன மோதல்கள்.”

மண்டையோடு உடையவில்லை. தோலில் ஒரு தழும்பு இருந்திருக்காது. கிண்ணத்துக்குள் தயிர் குலுங்குகிற மாதிரி உள்ளுக்குள்ளேயே.

மதியம் இங்கிரிட் கோட்டை மாட்டும்போது பையிலிருந்து ஃபுட்டி அணியின் மப்ளர் எட்டிப் பார்த்தது. நாளை மறுநாள் ஆட்டமாம். வருடா வருடம் சீட் எடுக்கிறவர். இதையெல்லாம் பார்த்த பிறகும் எப்படிப் போகிறீர்கள் என்று கேட்டுவிட்டேன். மூன்று வருடமாகக் கேட்க நினைத்தது.

“எனக்குப் பிடித்திருக்கிறதே. அதுதான் சிக்கல்” என்றார்.

ஜூன் 9, திங்கள்

அரசர் பிறந்தநாள் விடுமுறை. இட்லி, மிளகாய்ப் பொடி. துணி மூன்று நாளாகக் காயவில்லை. டிவியில் பெரிய ஆட்டம்.

ஊரிலிருந்து வந்த புதிதில் ஃபுட்டியை ரக்பி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இது மெல்பர்ன்காரர்களின் கால்பந்து: கையால் பிடிக்கலாம், காலால் உதைக்கலாம், ஓடி வருபவனை உடம்பால் இடித்துச் சாய்க்கலாம். தலைக்கவசம் கிடையாது. அமெரிக்கக்காரர்களாவது ஹெல்மெட் போட்டுக்கொண்டு முட்டிக்கொள்கிறார்கள். ஹெல்மெட்டும் மூளை குலுங்குவதை நிறுத்தாது என்பது வேறு விஷயம். பிரபுவுக்கு இது உயிர். வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம் ஆபீஸில் யாரோடும் பேச விஷயமில்லாமல், இதைப் பாடம் மாதிரிப் படித்தான். பிறகு நிஜமாகவே பிடித்துவிட்டது.

இடைவேளையில் கேட்டேன். “அந்தாளு ஆடினது ஏதாவது இருக்கா?”

“எந்தாளு?” என்றான். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் தேடி எடுத்தான்.

பழைய படம், நிறம் கலங்கியிருக்கிறது. பந்து உயரமாக வருகிறது. கீழே நாலைந்து பேர் அண்ணாந்து நிற்கிறார்கள். இவர் பின்னாலிருந்து ஓடி வருகிறார். ஒருவர் தோளில் முழங்காலை ஊன்றி எழும்புகிறார். எழும்பி, அங்கேயே நிற்கிறார். காற்றில். நின்றார் என்றுதான் எழுத முடிகிறது. எல்லோரும் கீழே இறங்கிய பிறகும் மேலே தனியாக, இரண்டு கையையும் நீட்டி, பந்தை மரத்திலிருந்து பறிப்பது மாதிரி எடுத்தார்.

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பயத்தால் அல்ல. ஒரு மனித உடம்பு அப்படிச் செய்ய முடியுமா என்று. பந்து எங்கே வரும், எப்போது வரும், தோள் எங்கே, எவ்வளவு வேகம் — கால் நொடியில் இந்தக் கணக்கெல்லாம் போட்டது எது? பின்பக்கம் கீழே இருக்கும் சிறுமூளை. அதைத் தனியாகத் தராசில் வைத்தேன் நான். கையுறை போட்ட இதே கையால்.

பிரபு மறுபடி போட்டான். இந்தத் தடவை இறங்குவதைப் பார்த்தேன். முதுகில் விழுகிறார், தலை பின்னால் போய்த் தரையில் அடிக்கிறது. கூட்டம் கத்துகிறது. எழுந்து சேற்றைத் துடைத்துக்கொண்டு சிரிக்கிறார்.

“இன்னொரு தடவ?” என்றான்.

“வேண்டாம்.”

ஜூன் 18, புதன்

தொண்டை கரகரப்பு. வெந்நீர், மிளகு.

நாற்பத்தொன்றிலிருந்து இங்கிரிட் எடுத்துக் கொடுத்த சிறு துண்டுகள் எல்லாம் மெழுகில் ஏறிவிட்டன. இன்று முழுக்கச் சீவினேன். மெழுகுக் கட்டியைப் பொருத்திக் கைப்பிடியைச் சுற்றினால் கத்தி ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு இழை எடுக்கும். தலைமுடியைவிட மெல்லியது. மூச்சு பட்டால் பறந்துவிடும். தூரிகையால் தொட்டு வெதுவெதுப்பான தண்ணீரில் மிதக்க விட்டால் சுருக்கம் பிரிந்து கண்ணாடி போல விரியும். அதை ஸ்லைடால் ஏந்த வேண்டும்.

பதினான்கு வருடம் முன்பு இதைக் கற்றபோது கை பழகாமல் நூறு இழை கிழித்தேன். இப்போது கை தானே செய்கிறது. தானே என்றால் என்ன? என் தலைக்குள் எங்கேயோ ஒரு மடிப்பு இதைப் பழகி வைத்திருக்கிறது. ஒரு மூளை இன்னொரு மூளையைச் சீவிக்கொண்டிருக்கிறது. இதை யோசித்ததும் அடுத்த இழை கிழிந்துவிட்டது. யோசிக்காமல் மறுபடி.

மாலை: காரில் காற்று குறைவு, முன் இடது டயர்.

ஜூலை 3, வியாழன்

கடும் குளிர். டாண்டினாங் மலை தெரியவே இல்லை, மூடுபனி.

சாயம் ஏற்றிய முதல் ஸ்லைடுகள் வந்தன. மூளைச் செல்களுக்குள் இருக்கும் டௌ என்ற புரதம் கெட்டுப்போய் எங்கே திரண்டிருக்கிறதோ அங்கே மட்டும் பழுப்பு ஏறும். மற்ற இடம் வெளிர் நீலம். சாயம் சரியாக ஏறியதா என்று முதலில் நான்தான் பார்ப்பேன். நோய் சொல்வது என் வேலை இல்லை.

நெற்றிப் பக்கத்து ஸ்லைடு. மைக்ராஸ்கோப்பில் குறைந்த பெரிதாக்கத்தில் வைத்தேன். மடிப்பின் மேடு கிட்டத்தட்ட நீலம். ஓரமாகவே நகர்த்தி, சரிவில் இறங்கி, அடிப்பள்ளத்துக்கு வந்தேன்.

பழுப்பு. கெட்டியாக. சின்னச் சின்ன ரத்தக்குழாய்களைச் சுற்றி மொய்த்துக்கொண்டு.

அடுத்த பள்ளம், அங்கேயும். அடுத்தது, அங்கேயும். மேட்டை விட்டுவிட்டுப் பள்ளம் பள்ளமாகப் பார்த்துப் போய் உட்கார்ந்திருக்கிறது. தலை குலுங்கும்போது விசை மடிப்பின் அடியில்தான் போய்ச் சேர்கிறது என்கிறார் இங்கிரிட். எங்கே இழுபட்டதோ அங்கே கறை. முப்பது நாற்பது வருடம் முன்பு பட்ட அடி ஒவ்வொன்றும் எங்கே வந்து முடிந்தது என்று எழுதி வைத்த மாதிரி.

அழகாக இருந்தது. இதை வேறு எங்கேயும் சொல்ல முடியாது, இங்கே எழுதி வைக்கிறேன். நீலத்தில் பழுப்பு, கிளை கிளையாக. அழகாக இருக்கிறதே என்று நினைத்தேன், உடனே என்னையே எனக்குப் பிடிக்கவில்லை, மறுபடியும் குனிந்து பார்த்தேன்.

இங்கிரிட் வந்து தன் கண்ணை வைத்தார். ரொம்ப நேரம். ஸ்லைடுகளை மாற்றி மாற்றி. கடைசியில் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: “இருபது வருடம் பார்க்கிறேன். இவ்வளவு நான் பார்த்தது குறைவு.”

ஜூலை 22, செவ்வாய்

வெயில், ஆனால் ஏமாற்று வெயில்.

நன்கொடைக் குடும்பங்களோடு பேசுகிற மேகன் என் மேசைக்கு வந்தாள். நாற்பத்தொன்றின் மனைவி இலங்கைத் தமிழராம். லேப் ஆட்கள் பட்டியலில் என் பெயரைப் பார்த்திருக்கிறார். முடிவு சொல்லும் நாளில் நானும் இருக்க முடியுமா என்று கேட்கிறாராம். அதற்கு முன்பு ஒரு தடவை பேசவும் வேண்டுமாம். இங்கிரிட் சரி சொல்லிவிட்டார். முடிவு மட்டும் நான் சொல்லக் கூடாது.

இத்தனை நாள் சீவிய ஆளின் வீட்டில் தமிழ் பேசியிருக்கிறார்கள். சோறு சாப்பிட்டிருப்பார். கோபத்தில் தமிழில் திட்டு வாங்கியிருப்பார்.

பெயரை எழுதப் போவதில்லை. ர. ஆன்ட்டி.

மூன்று மணிக்குப் போன்.

“வணக்கம் பிள்ளை. நீங்கள்தானே அங்க வேலை செய்யிற தமிழ்ப் பிள்ளை? இந்தியாவோ?”

“ஆமா ஆன்ட்டி. கும்பகோணம் பக்கம்.”

“ஓம். ஒண்டு கேக்கவேணும். ரிசல்ற் ஒண்டும் கேக்கேல்லை, பயப்பிடாதேங்கோ.” கொஞ்சம் நிறுத்தினார். “நீங்கள் அவரைத் தொட்டனீங்களோ?”

எனக்கு ஒரு நொடி புரியவில்லை. பிறகு புரிந்தது.

“ஆமா ஆன்ட்டி. வந்த அன்னிக்கு நான்தான் எடுத்தேன். ரெண்டு கையாலயும்.”

“கவனமாப் பிடிச்சனீங்களோ?”

“ரொம்பக் கவனமா.”

“சரி பிள்ளை. அவ்வளவுதான். வைக்கிறன்.”

வைத்துவிட்டார். கழிவறையில் போய் ஐந்து நிமிடம் நின்றுவிட்டு வந்தேன்.

ஆகஸ்ட் 13, புதன்

நாளை சந்திப்பு. மேகன் சொன்னது: ர. ஆன்ட்டியின் ஆங்கிலம் அவளுடையதைவிட நன்றாக இருக்கும், நாற்பது வருடமாக இங்கே இருக்கிறார். ஆனாலும் தமிழிலும் ஒருமுறை கேட்க வேண்டும் என்கிறார். இங்கிரிட் தன் குறிப்பை எனக்குக் கொடுத்துவிட்டார்.

மதிய இடைவேளையில் உட்கார்ந்து எழுதிப் பார்த்தேன்:

கன்கஷன் — தலை அடிபட்டு மூளை அதிர்வது. ஒற்றைச் சொல் கிடைக்கவில்லை.
சல்கஸ் — மடிப்பின் அடிப்பள்ளம்.
டௌ — டௌ.
டிஜெனரேட்டிவ் — சிதைகிற? தேய்கிற? தேய்கிற.
சி.டி.இ. — அடி மேல் அடி பட்டு மூளை மெல்ல மெல்லத் தேயும் நோய். இறந்த பிறகுதான் உறுதியாகச் சொல்ல முடியும்.
சிவியர் — கடுமை. ரொம்ப முற்றியது.
ஐ'ம் சாரி — ? நாம் இதைச் சொல்வதில்லை. கையைப் பிடித்துக்கொள்வோம்.

பிரபு சாப்பாட்டில் கேட்டான், என்ன முணுமுணுக்கிறே என்று. வாய்விட்டு ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

ஆகஸ்ட் 14, வியாழன்

காற்று. வாட்டில் மரங்கள் மஞ்சளாகப் பூத்துக் கிடக்கின்றன. பதினொரு மணிக்கு வரச் சொன்னது, பத்தேகாலுக்கே வந்துவிட்டார்.

சின்ன உருவம். ஒட்ட வெட்டிய நரைத்த முடி, சாம்பல் நிறக் கோட்டு, கைப்பை மடியில். கூட யாரும் வரவில்லை. “தங்கச்சி வாறன் எண்டவள். நான்தான் வேண்டாம் எண்டனான்” என்றார்.

காத்திருந்த நேரத்தில் என்னிடம் சொன்னவை, வந்த வரிசையில்:

நர்சிங் படிக்க யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர். தோள் விலகி ஆஸ்பத்திரிக்கு வந்த ஆட்டக்காரரைக் கட்டிக்கொண்டார். கல்யாணத்துக்குத் தன் பக்கத்தில் நாலு பேர்தான். பிள்ளைகள் இல்லை. “மனிசன் பூனைக்குக் கூட சத்தம் போடாத ஆள்.” களத்தில் மயங்கி விழுந்தால் மூக்கில் எதையோ காட்டி எழுப்பி, திரும்ப அனுப்பிவிடுவார்களாம். “எத்தினை தரம் எண்டு ஒருத்தரும் எண்ணேல்லை. நானும் எண்ணேல்லை. கை தட்டினனான், பிள்ளை. மற்றாக்களோட சேந்து எழும்பி நிண்டு தட்டினனான்.”

ஐம்பத்தைந்து வயதிலிருந்து கணவர் வேறு ஆள். சாமான் வாங்கப் போய் வீடு மறந்தது. குசினி, அதாவது சமையலறைக் கதவை உடைத்தது. உடைத்துவிட்டு யார் உடைத்தது என்று கேட்டது. ஒரு நாள் சமைத்துக்கொண்டிருந்த ஆன்ட்டியின் கழுத்தைப் பிடித்துவிட்டார். ஆன்ட்டி கிளேட்டனில் தங்கை வீட்டுக்குப் போய்விட்டார். அவரை முதியோர் இல்லத்தில் சேர்த்தார்கள். “விட்டிட்டு வந்தனான். அப்பிடித்தான் சொல்லவேணும். வேற சொல்லு இல்லை.”

பதினொரு மணி. சின்ன அறை, இங்கிரிட், மேகன், ஆன்ட்டி, நான். இங்கிரிட் நிதானமாக, ஒன்றையும் மறைக்காமல் சொன்னார். நோய் உறுதி. கடுமையான நிலை. பல வருடமாக இருந்திருக்கிறது. ஆன்ட்டி ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டினார். முடிந்ததும் ஆங்கிலத்தில் நன்றி சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார்.

“இனித் தமிழில சொல்லுங்கோ.”

சொன்னேன். பட்டியலில் பாதியைக்கூட எடுக்கவில்லை. மடிப்பு, பள்ளம், பழுப்பு, தேய்வு. கையை மடித்து, விரல் இடுக்கின் அடியைக் காட்டி, இங்கேதான் ஆன்ட்டி, இங்கேதான் முதலில் என்றேன். தன் கையையும் அப்படியே மடித்துப் பார்த்துக்கொண்டார்.

பிறகு கேட்டார்.

“அண்டைக்கு என்ர கழுத்தைப் பிடிச்சது இதுவோ? அவரோ?”

ஆங்கிலத்தில் இங்கிரிட்டிடமே கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. என்னிடம், தமிழில் கேட்டார். அறையில் வேறு யாருக்கும் புரியாது. இதுதான் ஆன்ட்டி, அவர் இல்லை — நாலு சொல். சொன்னால் இங்கிரிட்டுக்குத் தெரியாது. இந்தப் பெண் இன்று நிம்மதியாக பஸ் ஏறுவார். வாய் வரை வந்துவிட்டது. வாயைத் திறந்தும்விட்டேன்.

“தெரியாது ஆன்ட்டி. இவ்வளவு கெட்டுப்போனா கோபத்த அடக்குற இடமும் கெடும், அது உண்மை. ஆனா அன்னிக்கு அது இதுவா அவரான்னு ஸ்லைடு சொல்லாது. யாராலயும் சொல்ல முடியாது.”

மேகன் என்னைப் பார்க்கிறாள், இங்கிரிட் மேசையைப் பார்க்கிறார்.

“நீங்கள் பொய் சொல்லுவியள் எண்டு நினைச்சன்” என்றார் ஆன்ட்டி. “சொல்லியிருந்தால் எழும்பிப் போயிருப்பன். சரி. எனக்குக் காட்டுங்கோ.”

இங்கிரிட்டிடம் கேட்டேன். அவர் யோசிக்கவே இல்லை, எழுந்து கதவைத் திறந்து பிடித்தார்.

இரண்டு பேர் பார்க்கும் மைக்ராஸ்கோப். நெற்றிப் பக்கத்து ஸ்லைடை நானே வைத்தேன். ஆன்ட்டி குனிந்தார்.

“இந்த மண்ணிறமெல்லாம் அதுவோ?”

“ஆமா.”

“எல்லா இடமும் இப்பிடியோ?”

“நிறைய இடம். நினைவு இருக்குற இடத்துல இதவிட அதிகம்.”

கண்ணை எடுக்காமல் பேசினார். முதலில் மெதுவாக, பிறகு வேகமாக.

“நான் ஞாயிறு ஞாயிறு அங்க போறனான், பிள்ளை. விட்டிட்டு வந்தாலும் போறனான். கடைசி ஒரு வருசம் என்ர பேர் தெரியாது. தன்ர மனிசி எண்டும் தெரியாது. நர்ஸ் எண்டுதான் நினைச்சுக்கொண்டிருந்தவர். ஆனா நான் போய்க் கதிரையில இருந்தவுடனே தன்ர ஸ்வெற்றரைக் கழட்டி என்ர மடியில போடுவார். ஒவ்வொரு ஞாயிறும். எனக்குக் குளிர் தாங்காது, வந்த நாள் துவங்கி. பேர் தெரியாது, குளிரும் எண்டு தெரியும்.” நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அழவில்லை. முகத்தில் இருந்தது வேறு. ஒரு பெரிய கட்டடத்தை அண்ணாந்து பார்க்கிறவர்களுக்கு இருக்குமே, அது. “இவ்வளவும் போனாப் பிறகு அது எங்க இருந்தது? அவரோ இதுவோ எண்டு இவ்வளவு நாளும் கேட்டுக்கொண்டிருந்தன். இதைக் கேக்கேல்லை. எந்த இடத்தில இருந்தது, பிள்ளை?”

இங்கிரிட் என்னைப் பார்த்தார். ஆங்கிலத்தில் சொன்னேன். ஸ்வெட்டரை மட்டும் இரண்டு தடவை சொன்னேன்.

இங்கிரிட் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பிறகு ஆன்ட்டியைப் பார்த்து நேராகச் சொன்னார்: “எனக்குத் தெரியாது. இந்த மூளையை வைத்து ஒரு மனிதர் அதைச் செய்தார் என்று வேறு யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன். கெட்டுப்போகாமல் இருந்த ஓர் இடத்தை வேண்டுமானால் காட்டுகிறேன்.”

தட்டில் தேடி வேறு ஸ்லைடை எடுத்து வைத்தார். தலையின் பின்பக்கம், கண் பார்த்ததை வாங்கிக்கொள்ளும் இடம். நானும் என் பக்கத்துக் குழாயில் கண்ணை வைத்தேன். நீலம். மேடும் நீலம், பள்ளமும் நீலம். அடுக்கு அடுக்காக, வரிசை கலையாமல். எங்கேயோ ஓரத்தில் ஒரு பழுப்புப் புள்ளி.

“இதை வைத்துத்தான் பார்த்தார்” என்றார் இங்கிரிட். “அவர் உங்களைப் பார்த்தார், கடைசி வரைக்கும். அது மட்டும் எனக்குத் தெரியும்.”

ஆன்ட்டி பார்த்துக்கொண்டே இருந்தார். மேகனின் போன் அடித்தது, அணைத்தாள். நான் திருகியைக் காட்டி, இப்படித் திருப்பினால் இன்னும் தெளிவாகும் என்றேன். திருப்பினார். கொஞ்சம் முன்னே, கொஞ்சம் பின்னே.

“கண்ணாடியைக் கழட்டிப்போட்டுப் பாக்கலாமோ?”

“பாக்கலாம் ஆன்ட்டி.”

கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு மறுபடி குனிந்தார்.